ப்ரூச்சின் பின்பக்கம்

2025 பிப்ரவரியில், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறிய ஏலக்கூடத்தில், சுண்டுவிரல் நீளமே உள்ள, உடையில் குத்தும் ஊசி நகையான தங்க ப்ரூச் ஒன்றை 140 பவுண்டுக்கு ஏலம் எடுத்தேன். முகப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அது மிக எளிய நகை. மெல்லிய தங்கச் சட்டம் ஒன்று, அதன் நடுவில் மூன்று இலைகள், ஒவ்வோர் இலையிலும் நொய்யரிசி அளவில் ஒரு முத்து, அவ்வளவுதான். ஏலப் பட்டியல் அதற்கு 60 முதல் 80 பவுண்டு வரை மதிப்புப் போட்டிருந்தது. அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு கொடுக்க நான் துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஏலத்துக்கு முந்தைய நாள், பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதிக்கும் நேரத்தில், அதைத் திருப்பி லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். செய்தவரின் பெயர் முதலெழுத்துகள், ஒரு நங்கூரம், 15 என்றும் .625 என்றும் இரண்டு எண்கள், 1903ஆம் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகியவை வரிசையாகத் தெரிந்தன. அவற்றை அடுத்து, முத்திரையாக அல்லாமல் கையால் செதுக்கப்பட்ட மிகச் சிறிய எழுத்துகளில், இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் 12 ஜூன் 1904 என்ற தேதியும் இருந்தன. பட்டியலில் இந்தத் தேதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நகையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏலக்கூடங்களில் வந்ததல்ல. மதுரையில் அம்மா தோடு வாங்கப் போனால், கடைக்காரர் தட்டில் எடுத்து வைத்ததும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். திருகின் மரை ஒழுங்காக இருக்கிறதா, கல்லுக்குப் பின்னால் தகடு எப்படி மூடியிருக்கிறது, உலோகத்தை ஒட்டப் பற்றாசு வைத்த இடம் கறுத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகே கல்லின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பழைய ப்ரூச்சுகளை வாங்கத் தொடங்கிய இந்த ஆறு ஆண்டுகளில் அம்மாவின் அந்த ஒரு பழக்கம் எனக்குப் பலமுறை கை கொடுத்திருக்கிறது. ப்ரூச் மீண்டும் நாகரிகமாகிவிட்டதால் ஏலங்களுக்குப் புதியவர்கள் பலர் வருகிறார்கள். முகப்பின் படத்தை மட்டும் கைபேசியில் பார்த்துவிட்டு விலை கேட்கும் அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ப்ரூச் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, அந்தக் கால ஆசிரியைகள் சேலை மடிப்பைத் தோளில் நிறுத்தக் குத்தியிருந்த கல் பதித்த ஊசிதான். ஐரோப்பாவிலும் அது தொடக்கத்தில் அப்படிப்பட்ட பயன்பாட்டுப் பொருளாகவே இருந்தது. பொத்தான்கள் பரவாத காலத்தில், போர்த்திய துணியைத் தோளில் இணைத்துப் பிடிக்க உரோமானியர்கள் ஃபிபுலா என்ற ஊசியைப் பயன்படுத்தினார்கள். அயர்லாந்தின் மீத் மாவட்டக் கடற்கரையில் 1850இல் கிடைத்து இன்று டப்ளினிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் தாரா ப்ரூச், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது. அதை நான் நேரில் பார்த்தபோது என்னை நிற்க வைத்தது அதன் பின்பக்கம்தான். அணிந்தவரின் ஆடையோடு ஒட்டி மறைந்தே இருந்திருக்கக்கூடிய அந்தப் பக்கத்திலும், முகப்பில் செய்த அதே நுணுக்கத்தோடு, பின்னிப் பின்னிச் செல்லும் கோலங்களைப் பொற்கொல்லர் நிறைத்திருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உடைகள் இலேசாகிக்கொண்டே வந்தன. தடித்த கம்பளிக் கோட்டின் மடிப்பில் நிமிர்ந்து நின்ற ப்ரூச், மெல்லிய சட்டைத் துணியில் தொங்கிச் சரிந்தது. கோட்டு போனதும் ப்ரூச்சும் போயிற்று; பாட்டிகளின் பெட்டிக்குள் அது ஒடுங்கிவிட்டது. அதை வெளியே கொண்டுவந்ததில் ஆண்களின் பங்கு பெரிது என்பது என் கணிப்பு. 2024 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்ற கிலியன் மர்ஃபியின் கறுப்புக் கோட்டில் ஒரு தங்க ப்ரூச் இருந்தது. அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்ற ஏட்ரியன் பிராடியும் தோளருகே ஒன்றைக் குத்தியிருந்தார். கழுத்தில் டை இருந்த இடத்தின் கவனம் மார்புக்கும் தோளுக்கும் நகர்ந்துவிட்டது. இதே காலத்தில் பழைய துணிகளையும் பழைய நகைகளையும் தேடி வாங்குவது இளையவர்களிடையே பரவியது. 2020இன் ஊரடங்குக் காலத்தில் சிறிய ஊர்களின் ஏலக்கூடங்கள்கூட இணைய வழி ஏலத்துக்கு மாறின. முன்பெல்லாம் மழையில் பேருந்து பிடித்துப் போனால்தான் பார்க்கக் கிடைத்த தட்டுகள், இப்போது எங்கிருந்தும் பார்க்கக் கிடைக்கின்றன.

மற்ற நகைகளிலிருந்து ப்ரூச்சைப் பிரித்துக் காட்டுவது, அது உடம்பில் அல்லாமல் உடையில் அணியப்படுகிறது என்பதுதான். மோதிரத்துக்கு விரலும் வளையலுக்கு மணிக்கட்டும் அளவு சொல்கின்றன. ப்ரூச்சுக்கு எந்த அளவும் இல்லாததால் அது எந்த வடிவத்தையும் எடுத்துக்கொள்ள முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லும் பலகையாகவும் அது ஆனது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி இலண்டன் ஹாலோவே சிறைக்குச் சென்று மீண்டவர்களுக்கு, 1909 முதல் வெள்ளி ப்ரூச் ஒன்று அணிவிக்கப்பட்டது. அதே போராட்டத்தைச் சேர்ந்த சில்வியா பேங்க்ஹர்ஸ்ட் வடிவமைத்த அதில், நாடாளுமன்றத்தின் சின்னமான இரும்புக் கதவின் மேல் சிறைக்கைதிகளின் உடையிலிருந்த அம்புக்குறி ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களில் எனாமல் செய்யப்பட்டிருக்கும். அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரான மேடலின் ஆல்பிரைட், அதற்கு முன் ஐ.நா. தூதராக இருந்தபோது, ஈராக் பத்திரிகைகள் அவரைப் பாம்பு என்று தூற்றின. அடுத்து ஈராக்கைப் பற்றிய சந்திப்புக்கு அவர் தங்கப் பாம்பு ப்ரூச்சை அணிந்து சென்றார். அவருடைய 200க்கும் மேற்பட்ட ப்ரூச்சுகள் பின்னர் அருங்காட்சியகக் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன. அவற்றில் மிகப் பல விலை குறைந்த சாதாரணப் பொருள்கள். 2019 செப்டம்பர் 24 அன்று, நாடாளுமன்றத்தை முடக்கி வைத்தது சட்டவிரோதம் என்ற தீர்ப்பைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் தலைவர் லேடி ஹேல் வாசித்தபோது, அவர் தோளில் இருந்த பெரிய சிலந்தி ப்ரூச்சைப் பற்றி நாடே பேசியது.

இனி பின்பக்கத்துக்கு வருகிறேன். பழைய ப்ரூச்சின் வயதை அறிய முதலில் பார்க்க வேண்டியது ஊசியும் கொக்கியும் கீலும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ப்ரூச்சுகளில் பெரும்பாலும் ஆங்கில ‘சி’ எழுத்தின் வடிவில் வளைந்த எளிய கொக்கியே இருக்கும். அதில் பூட்டு கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்து ஊசிகள் ப்ரூச்சின் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தன. கொக்கியைக் கடந்து வெளியே நிற்கும் முனையை மீண்டும் ஒருமுறை துணிக்குள் செலுத்திவிட்டால், கொக்கி நழுவினாலும் நகை விழாது. அந்த நீட்டலைப் பிழை என்று நினைத்து வெட்டிவிட்டவர்கள் உண்டு. வெட்டுப்பட்ட ஊசியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசங்கும். சுழன்று மூடும் பாதுகாப்புக் கொக்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் வருகிறது. ஐரோப்பாவில் செய்த பலவற்றில், டிராம்போன் இசைக்கருவியின் குழல்போல இழுத்துத் தள்ளும் சிறிய உருளைப் பூட்டு இருக்கும். ‘விக்டோரியா காலம்’ என்று பட்டியலிட்ட ப்ரூச்சில் சுழல் கொக்கி இருந்தால், ஒன்று காலம் தவறு, அல்லது கொக்கி பிற்காலத்தில் மாற்றப்பட்டது. எது என்பதை அந்தக் கொக்கியின் அடியிலுள்ள பற்றாசு சொல்லிவிடும். நல்ல பொற்கொல்லர் தங்கப் பற்றாசில் செய்த பழுது கண்ணுக்கே தெரியாது. ஈயத்தால் ஒட்டியது சாம்பல் நிறத்தில் மெழுகு உருகி வழிந்ததுபோலத் திட்டாக நிற்கும். ஈயம் பட்ட தங்கத்தைப் பிறகு சூடேற்றிச் சரிசெய்வது மிகக் கடினம் என்பதால், அந்தச் சாம்பல் திட்டைக் கண்டால் நான் பெரும்பாலும் கையை எடுத்துவிடுவேன்.

அடுத்தது முத்திரை. பிரிட்டனில் நகையின் மாற்றை, அதாவது உலோகத்தின் தூய்மையைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகங்கள் தனித்தனிச் சின்னம் வைத்திருக்கின்றன. இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, 1773இல் தொடங்கிய பர்மிங்காமுக்கு நங்கூரம். பர்மிங்காமின் நகைப் பேட்டைக்கு எங்கள் வீட்டிலிருந்து இரயிலில் சென்றுவிடலாம் என்பதால், நங்கூரம் குத்திய நகை எனக்கு அக்கம்பக்கத்துக்காரரைப் போல. 15 காரட் என்ற மாற்று பிரிட்டனில் 1854இல் சட்டப்படி வந்து 1932இல் நீக்கப்பட்டது. ஆகவே 15 என்று முத்திரை குத்திய நகை, வேறு எதையும் பார்க்காமலே, அந்த 78 ஆண்டுகளுக்குள் பிறந்தது என்று சொல்லிவிடலாம். நூற்றுக்கு 62.5 பங்கு தங்கம் கொண்ட அந்த மாற்றின் நிறம், 9 காரட்டின் வெளிறலும் இல்லாமல் நம் ஊர் 22 காரட்டின் அழுத்தமும் இல்லாமல், பழுத்த எலுமிச்சையைப் போல இதமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தங்கம் அதுதான்.

முத்திரையே இல்லை என்றால் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறு நகைகள் பலவற்றுக்கு முத்திரையிலிருந்து விலக்கு இருந்தது. முத்திரை இல்லாத பொருளைத் தங்கம் என்று எழுதி விற்பதை 1973ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் கட்டுப்படுத்துவதால், ஏலக்கூடங்கள் பாதுகாப்பாக ‘மஞ்சள் உலோகம்’, ‘வெள்ளை உலோகம்’ என்று மட்டும் எழுதிவிடுகின்றன. இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் அசல் தங்கமும் இருக்கும், பித்தளையும் இருக்கும். நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்தவருக்கே அந்தச் சொற்களால் ஆதாயம்.

தங்கமில்லாத அலங்கார நகைகளை நான் குறைத்து எண்ணுவதில்லை. அமெரிக்காவின் டிரைஃபாரி நிறுவனத்தில் 1930 முதல் வடிவமைத்த ஆல்ஃபிரட் ஃபிலிப், அதற்கு முன் பெரிய நகை நிறுவனங்களான கார்டியேவுக்கும் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸுக்கும் வேலை செய்தவர். கண்ணாடிக் கல்லையும் அவர் வைரம் பதிப்பதுபோலவே பதிக்க வைத்தார். இரண்டாம் உலகப் போரில் சாதாரண உலோகங்கள் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட்டதால், அந்த ஆண்டுகளின் டிரைஃபாரி ப்ரூச்சுகள் வெள்ளியில் செய்யப்பட்டுத் தங்க முலாம் பூசப்பட்டன. பின்பக்கத்தில் வெள்ளியைக் குறிக்கும் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லைக் காணலாம். அந்நிறுவனம் தன் வடிவங்களை நகலெடுத்த ஒருவர் மீது தொடுத்த வழக்கில், அலங்கார நகைக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1955இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகே வட்டத்துக்குள் ‘சி’ அமைந்த பதிப்புரிமைக் குறி பின்பக்க முத்திரையோடு பரவலாகச் சேர்கிறது. அந்தக் குறியோடு இருக்கும் பொருளை ஒருவர் 1940களைச் சேர்ந்தது என்றால் நம்ப வேண்டியதில்லை.

இதையெல்லாம் அறிவதற்கு முன் நான் ஏமாந்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். இணைய ஏலம் ஒன்றில், ‘ஆர்ட் டெக்கோ பாணி’ (1920, 30களின் வடிவமைப்பு) என்று பட்டியலிட்டிருந்த கண்ணாடிக் கல் ப்ரூச்சின் முகப்புப் படத்தை மட்டும் பார்த்து 55 பவுண்டு வரை போனேன். வீட்டுக்கு வந்த பொருளைத் திருப்பியபோது ஊசியின் கீல் முழுவதும் ஈயம். நடுவிலிருந்த நான்கு கற்கள் மட்டும் வானவில் நிறம் காட்டின. கல்லின் மேல் அந்த வானவில் பூச்சைப் பூசும் முறையை ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் 1950களின் நடுவில்தான் கொண்டுவந்தது. 1930களின் நகையில் அது இருக்க வழியே இல்லை. பட்டியலில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. ‘காலம்’ என்று எழுதாமல் ‘பாணி’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லின் வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து, நேரில் போக முடியாத எந்த ஏலத்துக்கும், குறைந்தது மூன்று நாளுக்கு முன் பின்பக்கப் படமும், ஊசி, கீல், பற்றாசு, மாற்றிய கற்கள் ஆகியவை பற்றிய நிலை அறிக்கையும் கேட்டு எழுதிவிடுகிறேன். பெரும்பாலான ஏலக்கூடங்கள் அதற்குப் பொறுமையாகவே பதில் அனுப்புகின்றன.

ஏலத்தின் கணக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டும்போது சொல்லும் தொகை நாம் கட்டப் போகும் தொகை அல்ல. அதன் மேல் வாங்குவோர் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தின் மேல் வாட் வரி உண்டு. நான் வாங்கிய இடத்தில் கட்டணம் 25 சதவீதம். 140 பவுண்டுக்கு 35 பவுண்டு கட்டணம், அந்த 35க்கு 20 சதவீத வரியாக 7 பவுண்டு, ஆக மொத்தம் 182 பவுண்டு. இணையத் தளம் வழியாகக் கேட்டிருந்தால் தளத்தின் பங்கு வேறு சேர்ந்திருக்கும். ஆகவே நான் எப்போதும் கடைசித் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். மொத்தம் 200 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றால், அதை 1.3ஆல் வகுத்து வரும் 153ஐச் சற்றுக் குறைத்து, 150ஐ என் எல்லையாகப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவேன். கூடத்தில் எதிரே ஒருவர் கையை உயர்த்தும்போது மனம் கொள்ளும் வேகத்துக்கு அந்தப் பென்சில் எண் ஒன்றே கடிவாளம். பட்டியலிலுள்ள மதிப்பீட்டை விலை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆள்களை வரவழைக்க அதைத் தாழ்த்தி எழுதுவது வழக்கம். விற்பவர் இதற்குக் கீழே தர மாட்டேன் என்று வைத்திருக்கும் ரிசர்வ் விலை, பெரும்பாலும் அதன் கீழ் எல்லையையோ அதற்குக் குறைவானதையோ ஒட்டி இருக்கும்.

பெரிய பெயர்கள் சேரும்போது இந்தக் கணக்கெல்லாம் வேறாகிவிடுகிறது. 1987 ஏப்ரலில், முன்னாள் அரசர் எட்டாம் எட்வர்டின் மனைவியான விண்ட்சர் கோமகளின் நகைகளை சோதபீஸ் நிறுவனம் ஜெனீவாவில் ஏலம் விட்டபோது, மொத்தம் 5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் வேல்ஸ் இளவரசரின் மூன்று இறகுச் சின்னம் கொண்ட வைர ப்ரூச்சை நடிகை எலிசபெத் டெய்லர் வாங்கினார். 2011 டிசம்பரில் அவருடைய தொகுப்பு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் வழியாக விற்கப்பட்டபோது, அதே ப்ரூச் 13 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. எனினும் நான் பேசுவது, 20 பவுண்டிலிருந்து 200 பவுண்டுக்குள் அடங்கும் எளிய உலகத்தைப் பற்றி. அங்கே பெயர் தெரிந்த உடைமையாளர் எவரும் இல்லை.

இந்த எளிய உலகத்தில் நம் மண்ணின் பொருளும் வந்து போகிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம், கோயில் சிற்பங்களைப் போல இந்துத் தெய்வங்களின் உருவங்களைப் புடைப்பாகச் செய்த வெள்ளி, தங்கப் பொருள்களுக்குப் புகழ் பெற்றிருந்தது. அந்தப் பாணிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘ஸ்வாமி’. பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1875-76இல் இந்தியாவைச் சுற்றி வந்தபோது அவை அவருடைய பார்வைக்கும் வந்தன. அதன் பிறகு இங்கிலாந்தில் அவற்றுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டியலில் ‘இந்திய வெள்ளை உலோக ப்ரூச், பறவை மேல் மனித உருவம்’ என்று ஒன்றைப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கியதும் தோகையும் வேலும் தெரிந்தன. மயில்மீது முருகன்! தட்டச்சு செய்தவருக்கு அது பறவை. எனக்கோ, எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்த பொருள். என் எல்லையாக 110 எழுதியிருந்தேன். தொலைபேசியில் கேட்ட யாரோ ஒருவர் 190க்கு எடுத்துக்கொண்டார். அவருக்கும் அது யார் என்று தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஓரளவு ஆறுதல்.

ஆங்கிலேய இந்தியாவிலிருந்து போன எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது, வாங்கவும் கூடாது. தங்கப் பூண் கட்டிய புலிநக ப்ரூச்சுகள் இன்னும் பழைய பெட்டிகளிலிருந்து வெளியே வருகின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றின் வணிகம் குற்றம். பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், சில விலக்குகள் தவிர, தந்த நகைகளின் விற்பனையையும் நிறுத்திவிட்டது. ஆமையோட்டிலும் அதே எச்சரிக்கை தேவை.

பின்பக்கத்திலேயே முழுப் பொருளும் அடங்கிய ஒரு வகை ப்ரூச் உண்டு. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14இல் இறந்த பிறகு, அரசி தன் வாழ்நாள் முழுவதும் கறுப்பு உடையிலேயே இருந்தார். துக்க நகைகள் அந்தக் காலத்தின் பெரிய வழக்கமாயின. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைக்கும், ஆதிகால மரம் புதைந்து இறுகிய ஜெட் என்ற கறுப்புப் பொருளிலிருந்து ப்ரூச்சுகள் செதுக்கப்பட்டன. கையில் எடுத்தால் இலேசாகவும் இளஞ்சூடாகவும் இருப்பது ஜெட். கனத்துக் குளிர்ந்தால் அது கறுப்புக் கண்ணாடி. வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தால் அது வல்கனைட் என்ற கெட்டி ரப்பர். இவற்றோடு, இறந்தவரின் தலைமுடியைப் பின்னிப் பின்பக்கத்துக் கண்ணாடிச் சிமிழுக்குள் வைக்கும் ப்ரூச்சுகளும் இருந்தன. அப்படி ஒன்றை முதன்முதலில் வாங்கியதை அம்மாவிடம் சொன்னபோது, “செத்தவங்க முடியைப் போயி உடம்புல குத்திக்கிறதா? வேணாம்மா, அந்தப் பிள்ளைய நெனச்சா வயிறு கலங்குது” என்றார். அது ஒரு குழந்தையின் முடி. பொன்னிறத்தில், நூல்போல மெல்லியது. அம்மா சொன்னதில் அச்சத்தைவிட இரக்கமே மிகுதியாக இருந்தது. அந்த ப்ரூச்சை நான் இதுவரை அணிந்ததில்லை. ஆனால் விற்பதற்கு வசதியாக முடியை எடுத்துவிட்டுச் சிமிழைக் காலியாக வைக்கும் வியாபாரிகளின் கையில் அது போகாமல், என் மேசை இழுப்பறையில் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அதைவிடப் பெரிய இழப்பு. நங்கூர முத்திரை கொண்ட அந்த ப்ரூச் ஏலத்துக்கு வந்தபோது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பட்டியலைக்கூட முழுமையாகத் திறக்கவில்லை. அவர் கையிலிருந்த தாளில் லாட் எண்களும் (பட்டியலில் ஒவ்வோர் ஏலப் பொருளுக்கும் உள்ள எண்) கிராம் அளவுகளும் மட்டுமே இருந்தன. என் ப்ரூச்சின் எடை 2.2 கிராம், அதில் சொக்கத் தங்கம் 1.4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய தங்க விலையில் அந்தக் கணக்கு எங்கே முடிகிறதோ அங்கே, 80 பவுண்டில், அவர் கை இறங்கியது. அதற்கு மேல் இணையத்தில் ஒருவரும் நானும்தான். ஆனால் அதே மாலை அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பதினைந்து இருபது லாட்டுகளில், பூ வேலை செய்த ப்ரூச்சுகள் குறைந்தது ஐந்து இருந்தன. அவை தங்கத்தை உருக்கும் மூசைக்குப் போய்விட்டன. 2025 மார்ச்சில் தங்கம் அவுன்சுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. சுத்தியல் விலைக்கும் உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைக்கும் இடையே இருந்த இடைவெளி அந்த ஆண்டில் மாதத்துக்கு மாதம் சுருங்கியது. அன்று நான் 140 பவுண்டுக்கு மீட்டதை இன்று அந்த விலைக்கு மீட்க முடியாது. ப்ரூச்சின் புதிய நாகரிகத்தை நான் மனமார வரவேற்பது இதனால்தான். உருக்குபவரைவிட ஒரு பவுண்டு அதிகம் கொடுக்க, அணிய விரும்பும் ஒருவர் கூடத்தில் இருக்க வேண்டும். முகப்பு எளியதாக இருக்கும் நகைகளுக்கு அப்படி ஒருவர் கிடைக்க, யாராவது அதைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

அணிவதைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன். பழைய ஊசிகள் இன்றைய சேலை ஊசியைவிடத் தடித்தவை. கம்பளிக் கோட்டில் அவை போடும் துளை தானாக மூடிக்கொள்ளும். காஞ்சிப் பட்டில் மூடாது. ஒருமுறை ஒரு திருமணத்துக்காகப் பட்டின் தோள் மடிப்பில் குத்திவிட்டுச் சரிகையோரம் இழை அறுந்ததைப் பார்த்த பிறகு, பட்டில் பழைய ப்ரூச்சைக் குத்துவதையே விட்டுவிட்டேன். கைத்தறிப் பருத்திச் சேலையென்றால், இரவிக்கையின் தோள் தையலோடு சேர்த்து, அடியில் சிறு துணித் துண்டு ஒன்றை வைத்துக் குத்தலாம். ‘சி’ கொக்கியாக இருந்தால் நீண்ட ஊசி முனையை மறுபடி துணிக்குள் விட மறக்கக் கூடாது. குளிர்காலம் முழுவதும் என் சாம்பல் நிறக் கோட்டில் இருப்பது அந்த மூவிலை ப்ரூச்தான். இரயிலில் எதிரே உட்கார்ந்த ஒரு மூதாட்டி, தன் அம்மாவிடமும் இப்படி ஒன்று இருந்தது என்று சொல்லி, தயங்கித் தயங்கி, பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் தேதியை வாய்விட்டுப் படித்தார்.

அடுத்த வியாழக்கிழமை இன்னோர் ஏலம் இருக்கிறது. 212ஆம் லாட்டில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் ஆறு ப்ரூச்சுகள். ‘மஞ்சள் உலோகமும் பிறவும், 30 முதல் 50 பவுண்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் ஆறும் முகம் காட்டி வரிசையாக இருந்தன. பின்பக்கப் படம் கேட்டு எழுதியதற்கு நேற்று மாலை பதில் வந்தது. ஐந்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆறாவதில், ‘சி’ வடிவக் கொக்கியைத் தாண்டி, வெட்டுப்படாத ஊசி அரை அங்குலம் வெளியே நீண்டிருக்கிறது.